ஒரு செகண்ட் பாட்டும் ஒரு மில் மோட்டாரும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மன்னிக்கணும் மக்களே. ஆபீஸ், வீடு, அப்பாவுக்குக் காது டாக்டர் என்று ஓடிக்கிட்டே இருந்ததில் உட்கார்ந்து எழுத முடியலை. இந்தப் பதிவும் அந்தக் காது சமாச்சாரத்தில்தான் ஆரம்பிக்குது. நடுவில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வரை போய்ட்டு வரும். ஹெவி மெட்டல் என்றாலே 'அது பாட்டா, தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தமா' என்று கேட்கிற நண்பர்கள் இப்பவே வேற பதிவுக்குத் தாவிடலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

எங்க ஊர் சின்னசேலம். வெளியூரில் சொன்னால் "ஓ, சேலமா?" என்பார்கள். சேலம் இல்லைங்க, சின்னசேலம். சேலத்திலிருந்து விருத்தாசலம் போகிற ரயில் பாதையில் ஆத்தூர் தாண்டி வரும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் விழுப்புரம் மாவட்டம். மழைக்கு அப்புறம் வடமேற்கே பார்த்தால் கல்வராயன் மலை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். எங்க பக்கம் குச்சிக்கிழங்கு ஜாஸ்தி. ஊர் ஊருக்கு மரவள்ளின்னும் சொல்லுவாங்க. கிழங்கு இருந்தால் ஜவ்வரிசி ஆலையும் இருக்கும். அப்பா அப்படி ஒரு ஆலையில் இருபத்தெட்டு வருஷம் மெஷின் பார்த்தார். பேர் வேண்டாம். ஆலையே இப்போ இல்லை.

ஆலைக்குப் பின்னாடி லைன் வீட்டில்தான் நாங்க குடியிருந்தோம். சீசனில் ராத்திரி பகல் கிடையாது. லாரியில் கிழங்கு வந்து இறங்கும். தோல் சீவி, கழுவி, அரைச்சு, பாலை வடிகட்டித் தொட்டியில் விடுவாங்க. மாவு அடியில் தங்கும். அதைக் காயவிட்டு, உருட்டி, சலிச்சு, வறுத்து, களத்தில் கொட்டினால் ஜவ்வரிசி. பாயசத்தில் முழுங்கறோமே, அதேதான். தொட்டித் தண்ணியோட புளிச்ச வாடை எங்க ஸ்கூல் யூனிபார்மிலேயே இருக்கும். ஆனா எனக்கு இப்பவும் மறக்காதது வாடை இல்லை, சத்தம்.

அடியில் மோட்டாரோட ஒரே ஒரு 'ங்ங்ங்ம்ம்'. அதுக்கு மேல அரைக்கிற மெஷினோட கரகரப்பு. அதுக்கும் மேல, பெல்ட்டைத் தைச்சிருக்கிற ஜாயிண்ட் ஒவ்வொரு சுத்துக்கும் புல்லியில் வந்து மோதுற 'டக்... டக்... டக்...'. ஒரு நொடி முன்னேயும் விழாது, பின்னேயும் விழாது. நான் தூங்கினதும் படிச்சதும் காய்ச்சலில் கிடந்ததும் அந்த 'டக்'குக்கு நடுவில்தான். வீட்டில் யாரும் மெதுவாப் பேசி எனக்கு ஞாபகமே இல்லை.

2000-ல் சேலத்தில் ஒரு எஞ்சினியரிங் காலேஜில் சேர்ந்தேன். ஹாஸ்டலில் பெங்களூர்க்கார சீனியர் ஒருத்தர் கம்ப்யூட்டர் வெச்சிருந்தார். அந்த ரூமில்தான் மெட்டாலிகா, அயர்ன் மெய்டன் எல்லாம் அறிமுகம். ஒரு நாள் அவர் ஒரு எம்பி3 சிடியைக் கையில் கொடுத்து, "இது உனக்குப் புடிக்காது, ஆனா கேளு" என்றார். அதில் இருந்தது 'காட்ஃபிளெஷ்' என்கிற பேண்டோட 'ஸ்ட்ரீட்கிளீனர்', 1989-ல் வந்த ஆல்பம். ஹெட்போனை மாட்டினேன். பத்து செகண்ட்தான். எழுந்து உட்கார்ந்துட்டேன்.

எங்க மில்லு!

ஜோக் இல்லைங்க. அந்த பேண்டில் டிரம்மர் கிடையாது. டிரம் மெஷின்தான். மனுஷன் வாசிச்சா கொஞ்சம் ஏறும், இறங்கும். இது பெல்ட் ஜாயிண்ட் மாதிரி ஈவிரக்கம் இல்லாமல் விழுது. அதுக்கு மேல கிதார், சுருதி இறக்கி, கிழங்கு அரைக்கிற கரகரப்பில். அந்த கிதாரை வாசிச்சவர்தான் ஜஸ்டின் பிராட்ரிக். இந்தப் பதிவோட நாயகன்.

ஆள் பிறந்தது 1969 ஆகஸ்ட் 15, பர்மிங்ஹாமில். (நம்ம சுதந்திர தினம்! ஹாஸ்டலில் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.) பர்மிங்ஹாம்னா சும்மா இல்லை. ஹெவி மெட்டல் பிறந்த வீடே அதுதான். பிளாக் சபாத்தோட டோனி அயோமிக்குப் பதினேழு வயசில் தகடு வெட்டுற ஃபேக்டரியில் வலது கையில் ரெண்டு விரல் நுனி போச்சு. அவர் இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு வாசிச்சார். அப்புறம் விரலுக்கு இதமா இருக்கட்டும்னு தந்தியைத் தளர்த்தினதில் சத்தம் இன்னும் கனமாச்சு. அவங்க பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் கொஞ்ச நாள் கார் ஹாரன் டெஸ்ட் பண்ற வேலை பார்த்தவர். நாள் பூரா 'பாம் பாம்'. அப்படிப்பட்ட ஊர். சத்தம் அங்கே சாப்பாடு மாதிரி.

பிராட்ரிக் அதே ஊரில் 1985-ல் 'நேபாம் டெத்' என்கிற பேண்டில் கிதார் வாசிக்கப் போனார். மெட்டலிலேயே வேகமான வகை ஒண்ணு உண்டு, கிரைண்ட்கோர். அதுக்கு இலக்கணம் எழுதின ஆல்பம் இவங்களோட 'ஸ்கம்', 1987-ல் வந்தது. அதோட ஏ பக்கம் 1986 ஆகஸ்டில் பதிவானது. கிதார் பிராட்ரிக், பாடினதும் பேஸும் நிக் புல்லன், டிரம்ஸ் மிக் ஹாரிஸ். பி பக்கம் 1987-ல் பதிவானப்போ டிரம்மரைத் தவிர மத்தவங்க எல்லாம் மாறிட்டாங்க! அந்த ஏ பக்கத்தில் 'யூ சஃபர்' என்று ஒரு பாட்டு. நீளம் 1.316 செகண்ட். உலகத்திலேயே சின்னப் பாட்டுன்னு கின்னஸில் ஏறிச்சு. நீங்க தும்மி முடிக்கிறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிரும். ஹாஸ்டலில் இதை ரிப்பீட்டில் போட்டு வார்டன்கிட்ட வாங்கின திட்டு தனிக்கதை, இன்னொரு நாள் சொல்றேன்.

அப்புறம் கொஞ்ச நாள் வேறொரு பேண்டில் டிரம்ஸ். 1988-ல் நண்பர் பென் கிரீனோட சேர்ந்து காட்ஃபிளெஷ். பதினாலு வருஷம் ஓடினது. எனக்கு அந்த பேண்டுதான் எல்லாம். வேலை தேடி பெங்களூரில் ரூம் எடுத்துக் கிடந்த காலத்தில் அது இல்லாமல் தூங்கினதே இல்லை. ஊர் ஞாபகம் வந்தா இளையராஜா கேக்கிறவங்க உண்டு. நான் ஸ்ட்ரீட்கிளீனர் கேப்பேன். என்ன பண்றது, பிறந்த இடம் அப்படி.

2007 மார்ச் 17-ஐயும் சொல்லணும். பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். இந்தியாவில் அவங்க முதல் கச்சேரி. கறுப்பு டீ-ஷர்ட் கடலுக்கு நடுவில், இடது பக்க ஸ்பீக்கருக்கு ரொம்பக் கிட்டே போய் நின்னேன். பெருமையா நின்னேன். மூணு நாள் காதில் 'ஈஈ'ன்னு விசில். நாலாவது நாள் குறைஞ்சது. முழுசாப் போகலை. இன்னிக்கும் ஏசி ஆஃப் ஆனதும் வலது காதை விட இடது காதில் ஜாஸ்தியாக் கேக்கும். அதை யார்கிட்டயும் சொல்லிக்கலை. மெட்டல் கேக்கிறவனுக்கு அது வீரத்தழும்பு மாதிரின்னு நினைச்ச வயசு.

பிராட்ரிக்கோட எனக்குச் சண்டை வந்ததும் அந்தக் காலத்தில்தான். (அவருக்குத் தெரியாது :-)) 2001-ல் பென் கிரீன் விலகினார். 2002-ல் அமெரிக்க டூர் கிளம்ப வேண்டிய நேரத்தில் பிராட்ரிக் மனசு உடைஞ்சு விமானமே ஏறலை. பேண்டு முடிஞ்சது. அடுத்து 'ஜேசு' என்று ஆரம்பிச்சார். காட்ஃபிளெஷோட கடைசி ஆல்பத்தில் கடைசிப் பாட்டோட பேர் அது. 2004-ல் முதல் வெளியீடு வந்தது. ரெண்டே பாட்டு, ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம் வாக்கில். கிதார் கனமாத்தான் இருக்கு. ஆனா அடிக்கலை, மூட்டம் மாதிரி மெதுவா வந்து கவியுது. உறுமின மனுஷன் பாடறார், சோகமா. நான் பாதியில் நிறுத்தினேன். 'வயசாயிடுச்சு, மெத்துன்னு ஆயிட்டாரு' என்று ஃபோல்டரையே டெலீட் பண்ணினேன். நண்பர்கள்கிட்ட 'சாமியார் ஆயிட்டார்'னு கிண்டல் வேற. 2009-ல் ஓபெத் ஐஐடி மெட்ராஸுக்கு வந்தப்போ நாங்க ஆஹா ஓஹோன்னு கொண்டாடினோமே, அவங்களும் அப்புறம் உறுமறதை விட்டுட்டு வேற பாதையில் போனாங்க. அப்பவும் இதே கிண்டல்தான் அடிச்சேன்.

இனி அப்பா கதை.

ஆலையை 2014-ல் மூடினாங்க. லைன் வீட்டைக் காலி பண்ணி ஊருக்குள்ள சின்ன வீடு வாங்கிப் போனோம். அப்பாவுக்கு அப்பவே காது மந்தம். டிவி சத்தம் தெருக்கோடி வரை கேக்கும். அம்மா எது சொன்னாலும் "என்னா?" என்பார். ரெண்டாவது தடவை சொன்னா "கத்தாத" என்பார். இதில்தான் வீட்டில் தினமும் சண்டை. ஒரு தடவை நான் போன்ல பேசி, அவர் தப்புத் தப்பா பதில் சொல்ல, "வேணும்னே பண்றீங்களாப்பா?"ன்னு கத்திட்டேன். அவர் பேசாமல் போனை அம்மாகிட்ட கொடுத்துட்டார். அந்த ரெண்டு செகண்ட் மௌனத்தை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

வேணும்னே பண்ணலைங்க. அதை ரொம்ப லேட்டா ஒரு டாக்டர் வரைபடம் போட்டுக் காட்டினப்போதான் தெரிஞ்சுக்கிட்டேன். காதுக்குள்ள நத்தை மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கு. அதில் மெல்லிசா முடி மாதிரி செல்கள். வருஷக்கணக்கா இரைச்சல் பட்டா அந்தச் செல்கள் சாகும். செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. அதுவும் கீச்சு சத்தத்தைப் பிடிக்கிறது முதலில் போகும், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அடி சத்தம் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். நம்ம பேச்சில் உயிரெழுத்தெல்லாம் கீழே, ச, த, க மாதிரி மெய்யோசையெல்லாம் மேலே. அதனால பேசுறது கேக்கும், வார்த்தை பிரியாது. "சட்டை"யா "கட்டை"யா "தட்டை"யா, எல்லாம் அவருக்கு ஒண்ணு. "கத்தாத" என்று அவர் சொன்னதும் நியாயம்தான். சத்தம் அவருக்கு வந்துக்கிட்டேதான் இருந்தது. வராதது எழுத்து. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல கேட்டாலே ஆபத்துன்னு கணக்கு. எங்கப்பா மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்னார், காதில் ஒரு பஞ்சு கூட இல்லாமல்.

அதைவிடப் பெரிய கொடுமை தூக்கம். புது வீட்டில் ராத்திரி அமைதி. ரயில் போனா உண்டு, இல்லைன்னா ஒண்ணும் இல்லை. அப்பா தூங்கவே இல்லை. மார்கழிக் குளிரிலும் டேபிள் ஃபேன் போட்டுக்கிட்டு போர்வைக்குள்ள கிடப்பார். அம்மா "இந்த மனுஷனுக்குப் பைத்தியம்" என்பாங்க. எங்களுக்கெல்லாம் பழக்கதோஷம்னு நினைப்பு. டாக்டர்தான் அவர்கிட்ட நேராக் கேட்டார், "ராத்திரி காதுக்குள்ள ஏதாவது சத்தம் வருதாய்யா?" அப்பா என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "விசில் அடிக்குதுங்க. பத்து பாஞ்சு வருஷமா." எங்க யாருக்கும் தெரியாது.

எனக்கும் அடிக்குதுன்னு நான் அன்னிக்குத்தான் முதல் தடவையா வாயைத் திறந்தேன். டாக்டர் ரூமில் அப்பனும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தருக்கு சம்பளத்துக்கு வந்தது, இன்னொருத்தனுக்கு டிக்கெட் வாங்கி வந்தது.

காது மெஷின் வாங்கியாச்சு. ராத்திரிக்கு டாக்டர் சொன்னது சுலபமான யோசனை: முழு அமைதி வேண்டாம், மெல்லிசா ஏதாவது ஓடட்டும், ஏற்ற இறக்கம் இல்லாத சத்தமா இருந்தா அந்த விசில் அதுக்குள்ள அமுங்கிடும். மழைச் சத்தம் போட்டேன். அப்பா எழுந்து போய் மாடியில் காயற துணியை எடுத்துட்டு வந்துட்டார். கடல் சத்தம் போட்டேன், "எதுக்கு இது வந்து வந்து போவுது?" என்றார். தம்புரா போட்டேன், "கச்சேரி எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். (நியாயமான கேள்வி!)

இப்படித் தேடிக்கிட்டு இருந்தப்போதான் ஆம்பியன்ட் பக்கம் போனேன். அந்தப் பேரைப் பிரபலமாக்கினவர் பிரையன் ஈனோ. 1975-ல் டாக்சி மோதி அவர் படுக்கையில் கிடந்தப்போ, பார்க்க வந்த ஒரு தோழி ஹார்ப் இசைத்தட்டைப் போட்டுட்டுப் போனாங்க. சத்தம் ரொம்பக் கம்மி, எழுந்து கூட்டவும் முடியலை. அந்த இசை மழைச் சத்தத்தோட கலந்து அறையில் ஒரு பொருள் மாதிரி இருந்ததாம். அதிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. அந்த வரிசையில் தேடித் தேடிப் போய், 1994-ல் வந்த 'ஐசலேஷனிசம்' என்கிற தொகுப்பில் வந்து நின்னேன். இருட்டான ஆம்பியன்ட் இசைக்கு அது ஒரு முக்கியமான தொகுப்பு. பெயர்ப் பட்டியலைப் படிச்சேன். 'ஃபைனல்': ஜஸ்டின் பிராட்ரிக். 'லல்': மிக் ஹாரிஸ். 'ஸ்கார்ன்': மிக் ஹாரிஸ், நிக் புல்லன்.

புரியுதுங்களா? 'ஸ்கம்' ஏ பக்கத்தில் ஒரு செகண்ட் பாட்டு போட்ட மூணு பேரும்! மூணு பேரும் எட்டே வருஷத்தில், ஒரே தொகுப்பில், ஆடாமல் அசையாமல் நிக்கிற இசையில் இருக்காங்க. இது 1994. நான் 'சாமியார் ஆயிட்டார்'னு திட்டினதுக்குப் பத்து வருஷம் முன்னாடி. காட்ஃபிளெஷ் உறுமிக்கிட்டு இருந்த அதே காலத்தில்!

இன்னும் தோண்டினா அதைவிடப் பெரிய குட்டு. ஃபைனல் எப்போ ஆரம்பிச்சது தெரியுமா? 1983 வாக்கில். பையனுக்குப் பதிமூணு, பதினாலு வயசு. வீட்டில் கேசட்டில் இரைச்சலைப் பதிவு பண்ணி, தானே காப்பி எடுத்து வித்திருக்கார். அப்போ அது மெல்லிசு இல்லை, நாராசம்தான். தாளம் இல்லை, பாட்டு இல்லை, வெறும் இரைச்சல் மட்டும். அதை 1990-களில் திரும்ப எடுத்து, கிதாரை நீட்டி நீட்டிப் புகை மாதிரி ஆக்கினார். அதாவது நேபாம் டெத்துக்கும் முன்னாடியே இது இருந்திருக்கு. மெட்டலில் இருந்து ஆம்பியன்டுக்கு மாறினார்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்த ஆள், ஆரம்பிச்ச இடத்தை விட்டு நகரவே இல்லை. நடுவில் அதுக்கு மேல ஒரு பெல்ட்டை மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கார், அவ்வளவுதான்.

நம்ம ஊர் நாயனத்தில் ஒத்துக்காரர் இருப்பாரே, ஞாபகம் இருக்கா? இப்போ சுருதிப்பெட்டி வந்து அவரைக் கிட்டத்தட்ட ஒழிச்சிட்டது. சின்ன வயசில் திருவிழாவில் நான் அவரையேதான் பார்த்துக்கிட்டு நிப்பேன். நாயனம் மாதிரியே குழல், ஆனா விரல் அசையாது. கன்னத்தில் காத்தை அடைச்சுக்கிட்டு, மூக்கால இழுத்துக்கிட்டு, மூச்சு விடாமல் ஒரே சுரம். நாயனக்காரர் ஊரைக் கூட்டிக்கிட்டுப் போவார். இவர் இருந்த இடத்திலேயே இருப்பார். பாவம்னு நினைப்பேன். இப்போ அப்படித் தோணலை.

சரி, ஃபைனலை ஒரு சின்ன ஸ்பீக்கரில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வெச்சுப் போட்டேன். வால்யூம் ரொம்பக் கம்மி. காது மெஷினைக் கழட்டியாச்சு. கீழ் சத்தம்தான் அந்தப் பாட்டு முழுக்க, அது அவர் காதுக்கு எட்டற சத்தம். அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசலை. தூங்கிட்டாரோன்னு எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துக்கிட்டுதான் இருந்தார்.

"மில்லாடா இது?"

"இல்லப்பா. இங்கிலாந்துக்காரர் ஒருத்தர். கிதார்."

"பெல்ட்ட கழட்டிட்டு மோட்டார மட்டும் ஓட்டறான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமா இந்த ஆளைப் பத்தி எத்தனையோ விமர்சனம் படிச்சிருக்கேன். இவ்வளவு சரியா யாரும் சொல்லிப் படிச்சதில்லை. பழைய ஆளைக் காட்டலாமேன்னு ஆசைப்பட்டு ஸ்ட்ரீட்கிளீனரைப் போட்டேன். அரை நிமிஷம் கேட்டார். "இது லோடுல ஓடுது. சீசன்ல இப்படித்தான் இருக்கும். நிறுத்து, தூங்கணும்" என்றார். நிறுத்தினேன்.

பிராட்ரிக் இப்போ என்ன செய்றார்னு கேட்டா, எல்லாமும்தான். 2010-ல் காட்ஃபிளெஷைத் திரும்ப ஆரம்பிச்சார், 2023-ல் 'பர்ஜ்' என்று ஆல்பம் வந்தது, பழைய கனம் கொஞ்சமும் குறையலை. ஃபைனலும் கூடவே போய்க்கிட்டு இருக்கு. நான் டெலீட் பண்ணின ஜேசுவைத் திரும்ப வாங்கிக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. என்னை நானே தலையில் குட்டிக்கிட்டேன்.

அப்பாவுக்கு எழுபத்தி ரெண்டு ஆகுது. வாரக் கடைசியில் ஊருக்குப் போறப்போ ஸ்பீக்கருக்கு சார்ஜ் போடறது என் வேலை, மத்த நாளில் அம்மா. 'இந்த எழவு சத்தத்தில் எனக்குத் தூக்கம் போச்சு' என்று அம்மா முன் ரூமுக்கு மாறிட்டாங்க. அது ஒரு பக்க நஷ்டம்தான், அதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கலை. உங்களுக்கு ஏதாவது யோசனை இருந்தா சொல்லுங்க.

போன சனிக்கிழமை ராத்திரி ஆல்பம் முடிஞ்சு ஸ்பீக்கர் அடங்கிடுச்சு. ரிப்பீட் போட மறந்துட்டேன். நான் ஹாலில் லேப்டாப்போட உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளேயிருந்து குரல், பழைய மில் குரல், ஊருக்கே கேக்கிற மாதிரி.

"டேய், மோட்டார் நின்னு போச்சு பாரு."